வன்தட்டைக் காணவில்லை: கணினிக்கும் ஒரு துபாஷி வேண்டும்

கணினிக்குள் கூடுதலாக ஒரு கண்ட்ரோலர் அட்டையைச் செருகி, அதில் பழைய வன்தட்டு ஒன்றை இணைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணினி விழிக்கும்போது கறுப்புத் திரையில் அட்டையின் பெயரும் அதன்கீழ் வன்தட்டின் பெயரும் வந்துபோகின்றன. ஆனால் விண்டோஸ் வந்து நின்றபின் பார்த்தால் தட்டைக் காணோம். தட்டு கெட்டுவிட்டது என்று பலர் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். ஒரு நிமிடத்துக்கு முன் தன் பெயரைச் சொன்ன தட்டை அதற்குள் இறந்ததாகக் கொள்வது அவசரம். இங்கே குறை பெரும்பாலும் தட்டில் இல்லை, பேச்சில் இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியாக இருந்ததை நாம் அறிவோம். கோட்டைக்கும் ஊருக்கும் இடையே பேச்சு நடக்க ஒருவர் நடுவில் நிற்கவேண்டியிருந்தது. இயங்குதளத்துக்கும் வன்பொருளுக்கும் நடுவில் அப்படி நிற்கும் மென்பொருளைத்தான் டிரைவர் என்கிறோம். வன்தட்டு நேரடியாக இயங்குதளத்தோடு பேசுவதில்லை. கண்ட்ரோலரோடு பேசுகிறது, கண்ட்ரோலரின் மொழியை டிரைவர் பெயர்த்துச் சொல்கிறது. டிரைவர் இல்லையென்றால் சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும்.

அப்படியானால் கறுப்புத் திரையில் மட்டும் தட்டின் பெயர் தெரிந்தது எப்படி? பல கண்ட்ரோலர் அட்டைகளில் 'ஆப்ஷன் ரோம்' எனும் சிறு நிரல் சில்லில் எழுதப்பட்டிருக்கும். கணினி தொடங்கும்போது பயாஸ் அந்த நிரலை ஓடவிடுகிறது. "இந்தத் தட்டுகள் என் பொறுப்பில் இருக்கின்றன, படிக்கவேண்டுமானால் என்னைக் கூப்பிடு" என்று அது பயாஸிடம் பதிவுசெய்துகொள்கிறது. இயங்குதளத்தின் முதல் சில கோப்புகள் நினைவகத்துக்கு வருவது இந்த ஏற்பாட்டில்தான். விண்டோஸின் கெர்னல் எழுந்து நின்றதும் பயாஸை ஒதுக்கிவிட்டுத் தன் சொந்த டிரைவரைத் தேடுகிறது. அந்த அட்டைக்கான டிரைவர் அதனிடம் இல்லையென்றால், அதுவரை தெரிந்த தட்டு பாதி வழியில் மறைகிறது. விண்டோஸே அந்தத் தட்டில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை வந்து நிற்கும். தொடங்கவேண்டிய தட்டை அணுகமுடியவில்லை என்பது அதன் பொருள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டிரைவர் என்பதும் ஒரு கோப்புதான். கோப்பு தட்டில் இருக்கிறது. தட்டைப் படிக்க டிரைவர் வேண்டும். பூட்டிய பெட்டிக்குள் சாவி!

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இதற்குச் சொன்ன வழி எஃப்6 விசை. நிறுவல் தொடங்கிய சில நொடிகளுக்குள் அதை அழுத்தி, டிரைவர் உள்ள ஃப்ளாப்பியைக் கொடுக்கவேண்டும். வேறு எதிலிருந்தும் அது டிரைவரை வாங்கிக்கொள்ளாது. ஃப்ளாப்பி இல்லாத கணினிகள் பெருகியபோது, டிரைவரையும் சேர்த்துப் புதிய நிறுவல் குறுந்தகடு தயாரிப்பது பலருக்குக் கைவந்த கலையாயிற்று. 2007இல் பரவலாக விற்பனைக்கு வந்த விஸ்டாவில் இந்தத் தளை நீங்கியது. யுஎஸ்பி குச்சியிலிருந்தும் டிரைவரைக் கொடுக்கலாம்.

லினக்ஸின் வழி வேறு. அவசியமான டிரைவர்களை ஒரு சிறு மூட்டையாகக் கட்டி, கெர்னலோடு சேர்த்தே நினைவகத்தில் ஏற்றிவிடுகிறார்கள். 'இனிட்ராம்எஃப்எஸ்' என்பது அந்த மூட்டையின் பெயர். சாவி பெட்டிக்குள் இல்லை. வாயிற்காவலர் கையில் இருக்கிறது. லினக்ஸ் இருக்கும் தட்டையே புதிய அட்டைக்கு மாற்றினால், அந்த அட்டையின் டிரைவர் மூட்டைக்குள் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளவேண்டும்.

இது பழங்கதை என்று எண்ணவேண்டாம். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014இல் முடிந்துவிட்டது, சிக்கல் முடியவில்லை. இன்டெலின் 11ஆம் தலைமுறைச் சில்லுகள் கொண்ட மடிக்கணினிகள் பலவற்றில் விஎம்டி என்ற கண்ட்ரோலர் ஏற்பாடு இருக்கிறது. அவற்றில் விண்டோஸை நிறுவப்போனால் தட்டுகளின் பட்டியல் வெறுமையாக வருவதுண்டு. உரிய டிரைவரை யுஎஸ்பி குச்சியில் வைத்து, நிறுவல் திரையிலேயே 'லோட் டிரைவர்' என்பதை அழுத்தினால் தட்டு தெரியும். பழைய எஃப்6தான், புதுச் சட்டையில்.

தட்டு தெரியாதபோது வரிசையாகக் கேட்டுப் பார்க்கவேண்டிய கேள்விகள் இவை. முதலில், இயங்குதளத்துக்கு அட்டை தெரிகிறதா? விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் பார்க்கலாம். அட்டையே பட்டியலில் இல்லையென்றால் அதைக் கழற்றி நன்றாகப் பொருத்துங்கள், அல்லது வேறு துளையில் செருகுங்கள். அட்டை இருந்து அதன்மேல் மஞ்சள் குறி நின்றால் டிரைவர் வேண்டும். பழைய அட்டைகளுக்கு இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு: விண்டோஸ் 11, 64 பிட் கணினிகளுக்கு மட்டுமே வந்தது, 32 பிட் டிரைவர் அதில் ஏறாது. அப்போது லினக்ஸை யுஎஸ்பியிலிருந்து ஓட்டிப் பார்ப்பது நல்லது. தயாரிப்பாளர் கைவிட்ட பல அட்டைகளுக்கு அதில் இன்னும் டிரைவர் இருக்கிறது.

அட்டை சரியாக இருந்தும் தட்டு தெரியவில்லையென்றால் கேபிளையும் மின்னிணைப்பையும் பாருங்கள். ரெய்டு அட்டைகள் பல, தனித்தட்டை அப்படியே இயங்குதளத்துக்குக் காட்டுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக, டிஸ்க் மேனேஜ்மெண்டில் தட்டு தெரிகிறது, ஆனால் உள்ளே கோப்புகள் இல்லை என்ற நிலை. டிரைவர் தன் வேலையைச் செய்துவிட்டது. இனிச் சிக்கல் தட்டின் பகிர்வு அட்டவணையில் அல்லது கோப்பமைப்பில். இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 'இனிஷியலைஸ் செய்யட்டுமா?' என்று விண்டோஸ் பணிவாகக் கேட்கும். சரி என்றால் புதிய பகிர்வு அட்டவணையை எழுதிவிடும். கோப்புகள் உடனே அழியாவிட்டாலும் அவற்றுக்கு வழிகாட்டும் வரைபடம் போய்விடும். ரெய்டு அட்டையின் திரையில் புதிய தொகுதி உருவாக்குவதும் அதேபோல் ஆபத்தானது. இரண்டுக்கும் 'வேண்டாம்' என்பதே பதில்.

புலம்பெயர்ந்த தமிழர் வீடுகளில் பரண்மேல் கிடக்கும் பழைய தட்டுகளில் திஸ்கியிலும் வேறு எழுத்துருக்களிலும் தட்டிய கடிதங்களும், கதைகளும், சிற்றிதழ்ப் பக்கங்களும் இருக்கலாம். பலவற்றுக்கு அச்சுப்படியே இருக்காது. எனவே தட்டு தெரிந்தவுடன் கோப்புகளைத் திறந்து பார்க்கத் தொடங்காதீர்கள். எதையும் எழுதாத முறையில் தட்டை முழுவதும் வேறொன்றுக்குப் படியெடுங்கள். எழுத்துருவை ஒருங்குறிக்கு மாற்றும் வேலையைப் பிறகு அந்தப் படியில் நிதானமாகச் செய்துகொள்ளலாம்.