சிதைவது ஒன்று, சிதைப்பது வேறு

பிரிட்டனின் லேண்ட் ரோவர் நிறுவனம் 1997-இல் ஃப்ரீலேண்டர் என்ற சிறிய காரைக் கொண்டுவந்தது. முதல் தலைமுறை வண்டி 2006 வரை ஓடியது. ஐரோப்பாவில் சில ஆண்டுகள் மிக அதிகமாக விற்ற நான்கு சக்கர இயக்க வண்டி இதுதான். இன்று அதைப் பழைய வண்டியாக வாங்குகிறவர்கள் முதலில் பயப்படுவது எஞ்சினுக்கு, அதற்கடுத்து ஐ.ஆர்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பல்சக்கரப் பெட்டிக்கு. கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்கும் அந்தப் பெட்டிதான் எஞ்சினின் விசையை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்தனுப்புகிறது. அது உடைந்தால் செலவு பெரிது. ஆனால் அது தானாகக் கெடுவது குறைவு. பெரும்பாலும் அதைக் கெடுப்பது காரின் நடுவயிற்றில் சத்தமில்லாமல் தொங்கும் ஓர் உருளை.

பின் சக்கரங்களுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கிறது. துண்டுகள் சேருமிடத்தில் அந்த உருளை. பெயர் விஸ்கஸ் கப்ளிங். மூடி முத்திரையிட்ட கூட்டுக்குள் மெல்லிய உலோகத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒன்றுவிட்டு ஒன்று முன் ஷாஃப்டோடும் பின் ஷாஃப்டோடும் பூட்டியவை. இடைவெளியில் சிலிக்கோன் திரவம். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றும்வரை தட்டுகள் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. முன் சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுழன்றால் வேக வித்தியாசம் கூடும், திரவம் சூடாகி விரியும், உள்ளே அழுத்தம் ஏறும், தட்டுகள் இறுகி விசை பின்னால் பாயும். கணினி இல்லை, சென்சார் இல்லை. எனக்கு இதில் பிடித்தது அந்த எளிமைதான்; தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது.

ஆண்டுகள் போகப்போக, சூடேறி ஆறி ஆறிச் சூடேறி, அந்தத் திரவம் வெல்லப்பாகு பதம் ஏறுவதுபோலத் தடித்துவிடுகிறது. வழுக்கிக் கொடுக்க வேண்டிய உருளை கெட்டியான கட்டையாகிறது. காரை வளைவில் திருப்பும்போது முன் சக்கரங்கள் நீண்ட பாதையிலும் பின் சக்கரங்கள் குறுகிய பாதையிலும் போகின்றன. அந்த வித்தியாசத்தை உருளை விழுங்காவிட்டால், விசை முறுக்காகச் சேர்ந்து ஐ.ஆர்.டி.யின் பற்களையும் பேரிங்குகளையும் நசுக்கும். மண்சாலையில் டயர் கொஞ்சம் வழுக்கி முறுக்கை விடுவித்துவிடும். காய்ந்த தார்ச்சாலைதான் இந்த வண்டிக்கு எதிரி.

இதைத் துரிதப்படுத்துவது டயர். முன் டயர்கள்தாம் முதலில் தேய்கின்றன. எனவே இரண்டு புது டயர் வாங்கி முன்னால் போடுவது பலருக்கும் வழக்கம். இந்த வண்டியில் அது நேர்மாறான வேலை. 68 செ.மீ. விட்டமுள்ள புது டயர் முன்னால், 1 செ.மீ. விட்டம் குறைந்த தேய்ந்த டயர் பின்னால் என்றால், நேர்ச்சாலையிலும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பின் சக்கரம் சுமார் 7 சுற்று கூடுதலாகச் சுற்றும். நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் 700 சுற்று. உருளை ஒரு நொடிகூட ஓய்வில்லாமல் காய்கிறது. நான்கும் ஒரே மாதிரி, ஒரே அளவு தேய்மானம் என்பதே நல்லது. இரண்டுதான் மாற்ற முடியும் என்றால் புதியவை பின்னால் போக வேண்டும்.

அறிகுறிகளைப் பிடிப்பது கடினமில்லை. ஸ்டியரிங்கை முழுதும் திருப்பி மெதுவாக ரிவர்ஸ் எடுத்துக் கிளட்சை மிதித்தால் நல்ல வண்டி கொஞ்சம் உருளும். கெட்டது பிரேக் போட்டதுபோல நின்றுவிடும். உறுதிசெய்ய மெக்கானிக்குகள் வேறொன்று செய்கிறார்கள். மற்ற சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, காரைக் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குகிறார்கள். சக்கரத்தின் நடு நட்டில் நீளமான கம்பி மாட்டி நுனியில் எடையைத் தொங்கவிட்டால், கம்பி மெல்ல மெல்லக் கீழிறங்க வேண்டும். அசையாவிட்டால் உருளை இறுகிவிட்டது. உருளையை மட்டும் மாற்றினால் போதாது. அதன் இருபுறமும் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகளையும் சேர்த்து மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். ஐ.ஆர்.டி.யின் எண்ணெயை வடித்து உலோகத் துகள் மின்னுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

செலவுக்கு அஞ்சிச் சிலர் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையே கழற்றி வைத்துவிடுகிறார்கள். வண்டி முன்சக்கர இயக்கத்தில் ஓடும். தற்காலிகத்துக்கு அதில் தப்பில்லை. ஆனால் அப்படியே விற்றுவிடுவதும் உண்டு. பழைய ஃப்ரீலேண்டர் வாங்கப் போகிறவர் பெயிண்டைத் தடவிப் பார்ப்பதற்குமுன் குனிந்து அடியில் ஷாஃப்ட் இருக்கிறதா என்று பார்ப்பது மேல்.

2006-இல் வந்த இரண்டாம் தலைமுறை இந்த உருளையைக் கைவிட்டு, மின்னணுக் கட்டுப்பாடுள்ள ஹால்டெக்ஸ் கிளட்சுக்கு மாறியது. அதன் கோளாறு எதிர்த்திசையில் வரும்: எண்ணெயை மாற்றாமல் விட்டால் பம்பின் சல்லடை அடைத்து, பின் சக்கர இயக்கம் சத்தமில்லாமல் நின்றுவிடும். தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது.