கடைசி ஆள் இறங்கட்டும்!

அடையாறு டெப்போவுக்கு பஸ் வந்தாச்சு. “வண்டி போகாது” என்கிறார் கண்டக்டர். புதுசா யாரும் ஏற முடியாது. ஆனால் உள்ளே இருக்கிற கடைசி ஆளும் இறங்கின பிறகுதான் வண்டி ஷெட்டுக்குப் போகும்.

லினக்ஸ் கெர்னலிலும் இதே கதைதான். பென் டிரைவை வெடுக்கென்று பிடுங்கினாலும், அதற்கான நினைவகத்தை உடனே விடுவிக்கக் கூடாது. ஏதாவது ஒரு புரோகிராம் அதை இன்னும் பிடித்திருக்கலாம். அதனால் ஒரு கணக்கு. தொடக்கத்தில் 1, பிடித்தால் ஒன்று கூடும், விட்டால் ஒன்று குறையும். பூஜ்யமானால்தான் விடுதலை. இதற்கென கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய ‘கேரெஃப்’ 2004-ல் கெர்னலில் சேர்ந்தது.

ரெண்டு தரம் கழித்தால்? தூங்குகிற பயணியோடு வண்டியை ஷெட்டில் பூட்டின கதி! கழிக்க மறந்தால் நினைவகம் வீண் என்பதோடு முடியவில்லை. 2016-ல் வெளியான பிழை ஒன்றில், பாதியில் திரும்பும் வழியில் கழிக்க மறந்திருந்தார்கள். 32 பிட் எண்ணிக்கை ஏறி ஏறி, ஸ்கூட்டர் மீட்டர் போலச் சுற்றிப் பூஜ்யத்துக்கே வந்தது. சாதாரண யூசர் ‘ரூட்’ ஆக முடிந்தது! 2017-ல், 4.11 பதிப்பில் வந்த ‘ரெஃப்கவுண்ட்’ அப்படிச் சுற்றாது, உச்சத்திலேயே நின்றுவிடும்.

டிரைவர் எழுதப்போகும் தோழா, ‘கெட்’ எழுதின கையோடு ‘புட்’ எங்கே என்று பார்! எரர் வந்து திரும்பும் வழியிலும் பார்!