செஞ்சிப் பகுதியில் ஒட்டுப்புல்லும் கொழுக்கட்டைப்புல்லும்

செஞ்சியைச் சூழ்ந்த ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரிக் குன்றுகளின் அடிவார மானாவாரி நிலங்களில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் பசுமை நெடுநாள் தங்குவதில்லை. சேமித்த வைக்கோலும் மணிலாக்கொடியும் சித்திரைக்குள் தீர்ந்துவிடுமாயின், கறவை மாட்டை வந்த விலைக்கு விற்க நேரிடும். இக்குறையைப் போக்கக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லைப் பயிரிடக் கருதும் நிலக்காரர்கள், அது எதற்கு ஏற்றது, எதற்கு ஏலாதது என்பதை முன்னரே அறிந்துகொள்ளுதல் அவசியம்.

நமது கம்பையும் ஆப்பிரிக்க நாட்டு நேப்பியர் புல்லையும் சேர்த்து உண்டாக்கப்பட்டது இப்புல். இது முளைக்கும் விதை தருவதில்லை. ஆதலால் இதன் விதையென்று எவரேனும் விற்க வந்தால் வாங்கலாகாது. இரு கணுக்களுள்ள கரணைகளையே, பாருக்குப் பார் 60 சென்டிமீட்டரும் கரணைக்குக் கரணை 50 சென்டிமீட்டரும் விட்டு, ஒரு கணு மண்ணுள் புதையுமாறு நடவேண்டும். ஏக்கருக்குச் சுமார் 13,000 கரணைகள் பிடிக்கும். முதல் அறுப்பு 75 முதல் 80 நாட்களில். பின்னர் 45 நாட்களுக்கு ஒருமுறை. நாள் கடத்தினால் தண்டு முற்றி, மாடுகள் பாதியை ஒதுக்கிவிடும். ஒவ்வோர் அறுப்புக்குப் பின்னும் தழைச்சத்து உரமிட்டு நீர் பாய்ச்சுதல் வேண்டும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட கோ 4 இரகம், நல்ல இறவையில் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 150 டன் வரை பசுந்தீவனம் தரவல்லது. அதிற் பாதியே கிடைப்பதாகக் கொண்டாலும், கிணற்றோரத்துப் பத்து சென்டு நிலம் நாள்தோறும் இருபது கிலோ புல் கொடுக்கும். மாட்டுக்கொட்டிற் கழிவுநீரையும் இதற்குப் பாய்ச்சலாம். புல்லை நறுக்கி, மூன்று பங்குக்கு ஒரு பங்கு வேலிமசால் கலந்து அளித்தல் நன்று.

ஆயினும் இது உலர்புல்லுக்கு உகந்ததன்று. தடித்த தண்டு காய்வதற்குள் இலை நொறுங்கிவிடும். உள்ளீரத்தோடு போரிட்டால் பூசணம் பிடிக்கும். மிஞ்சியதை நறுக்கிக் குழியிலிட்டு, காற்றுப் புகாது மிதித்து மூடி, ஊறுகாய்ப்புல்லாக்குவதே வழி. மாடுகளை உள்ளே விட்டு மேய்த்தாலோ தூர்கள் மிதிபட்டுச் சிதையும்.

மேய்ச்சலுக்கும் உலர்புல்லுக்கும் மானாவாரிச் செம்மண்ணில் கொழுக்கட்டைப்புல்லே தக்கது. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் கிளுவை வேலியிட்டு, தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்து வருவது இப்புல்லில்தான். ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும். புதிய விதை சரிவர முளைக்காதாகையால், சில மாதம் இருப்பு வைத்ததையே புரட்டாசி, ஐப்பசி மழையில் மேலாக விதைக்கவேண்டும். பூக்கும் தருணத்தில் அறுத்து, அவ்வப்போது புரட்டி உலர்த்தினால், மெல்லிய தண்டாகையால் எளிதிற் காயும்.

முதலாண்டில் விதை உதிர்ந்து வேர் ஊன்றும்வரை கால்நடைகளை விடலாகாது. பின்னர் நிலத்தை நாலு பாகமாகத் தடுத்து, முறை வைத்து மேய்க்கலாம். மேய்ச்சல்தரைப் புறம்போக்கைச் சீர்படுத்த முனையும் கிராம அதிகாரிகளும் இந்த ஓராண்டுக் காவலுக்கு ஊராரை முதலில் இணங்கச் செய்தபின்னரே விதைப்பைத் தொடங்குதல் வேண்டும்.