பையனுக்குப் பெயர் வைக்கும் முன்னால்: முதற்பெயர், நடுப்பெயர், இண்டிபேரு

எங்கள் சூளூர்பேட்டையில் தமிழ்க் குடும்பத்தில் ஒரு பையன் பிறந்தால், பெயர் என்ன என்று கேட்பதற்கு முன்பே "இண்டிபேரு ஏமிட்டி?" என்று கேட்டுவிடுகிறார்கள். ரயில்வே வேலைக்கும், ஸ்ரீஹரிகோட்டா வேலைக்கும், வியாபாரத்துக்கும் வந்து இங்கேயே தங்கிவிட்ட நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆனால் அதற்கு நாம் சொல்லும் பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒருவர் அப்பா பெயரைச் சொல்கிறார், ஒருவர் சொந்த ஊரைச் சொல்கிறார், ஒருவர் "அதெல்லாம் எங்களுக்குக் கிடையாது" என்கிறார். அந்தப் பதில் பள்ளிப் பதிவேட்டில் ஏறி, பின்னால் பாஸ்போர்ட் வரை துரத்திக்கொண்டு வருகிறது. ஆகவே இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

தெலுங்கர்களின் இண்டிபேரு என்பது வீட்டுப் பெயர், அதாவது வம்சப் பெயர். பெரும்பாலும் முன்னோரின் ஊரிலிருந்து வந்திருக்கும். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் பிறந்தவர். அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் சர்வபள்ளி நெல்லூர்ப் பக்கத்து ஊர். என்.டி. ராமராவ் என்பதில் 'என்' என்பது நந்தமூரி, அது வீட்டுப் பெயர். 'டி' என்பது தாரக. அது அவருடைய சொந்தப் பெயரின் ஒரு பகுதி. நமக்கு இரண்டும் இனிஷியல் மாதிரித்தான் தெரியும், ஆனால் வேலை வேறு.

நம் வழக்கமோ தந்தை பெயர் அல்லது ஊரும் தந்தை பெயரும். அண்ணாவின் சி.என்.னில் முதல் எழுத்து காஞ்சிபுரம், அடுத்தது நடராசன். கலாமின் ஏ.பி.ஜே.யில் கடைசி எழுத்து தந்தை ஜைனுலாப்தீன். (1980 ஜூலை 18 அன்று அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 மேலே போனது நமக்குப் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான்.) ரயில்வேக்காரன் பாஷையில் சொன்னால், தெலுங்கர் கணக்கு சென்ட்ரலிலிருந்து எண்ணிவரும் கிலோமீட்டர் கல், நம் கணக்கு போன ஸ்டேஷனிலிருந்து எண்ணுவது. இரண்டும் சரிதான், ஒரே படிவத்தில் கலந்தால்தான் தகராறு.

உதாரணத்துக்கு முருகேசன் மகன் செல்வம், செல்வம் மகன் அருண் என்று வைத்துக்கொள்வோம். தகப்பன் மு. செல்வம், மகன் செ. அருண். "தகப்பனுக்கும் பிள்ளைக்கும் இண்டிபேரு எப்படி மாறும்?" என்று தெலுங்கு ஆசிரியர் கேட்பது நியாயமான கேள்விதான். அவர் வழக்கப்படி அது மாறாது. சிலர் பதில் சொல்லச் சங்கடப்பட்டு, தகப்பன் இனிஷியலையே பிள்ளைக்கும் போட்டுவிடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று அன்றைக்கே பெயர் இரண்டாகிவிடுகிறது.

சரி, முதற்பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டம் போட்டுக் கேட்பது யார்? அது மேல்நாட்டு வழக்கம். நம் இந்தியப் பாஸ்போர்ட்டில் இரண்டே கட்டங்கள்தான்: குடும்பப் பெயர் ஒன்று, இட்ட பெயர் ஒன்று. நடுப்பெயருக்குத் தனிக் கட்டம் கிடையாது. இட்ட பெயர் கட்டத்திலேயே இரண்டு சொல்லாக எழுதிக்கொள்ளலாம். இனிஷியல் போடுவதற்குப் பதில் விரித்து எழுத வேண்டும். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்கென்று இரண்டு வரிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வரிக்கு 44 இடங்கள். முதல் வரியில் பெயருக்குக் கிடைப்பது 39. அதில் குடும்பப் பெயர் முதலில், பிறகு இரண்டு குறிகள், பிறகு மற்ற பெயர்கள். இயந்திரத்துக்கு இண்டிபேருவும் தெரியாது, இனிஷியலும் தெரியாது.

குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டால் என்ன? விடலாம், பாஸ்போர்ட் கிடைக்கும். ஆனால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் முழுவதும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று, அதாவது முதற்பெயர் தெரியாதவர் என்று, அச்சாகிவிடும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, வருகை விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்பதாகப் பிறகு தளர்த்தினார்கள் என்றாலும், அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதிருப்பதே நல்லது என்பது என் கருத்து.

அங்கே எதைப் போடுவது? தந்தை பெயரைப் போடுவதே நம் வழக்கத்துக்கு ஒத்தது. மலேசியாவில் 'ஏ/எல்', சிங்கப்பூரில் 'எஸ்/ஓ' என்று நடுவில் போட்டு 'இன்னார் மகன்' என்பதைத் தெளிவாக்கிவிட்டார்கள். மற்ற நாடுகளில் அந்த வசதி இல்லை. விசுவநாதன் ஆனந்தை வெளிநாட்டுப் பத்திரிகைகள் வெகுகாலம் 'விஷி' என்று அழைத்தன. அது அவர் அப்பா பெயரின் சுருக்கம்! சுப்பிரமணியன் சந்திரசேகரும் தந்தை பெயரை முன்னால் வைத்திருந்தவர்தான், ஆனால் அவருக்குத் தன் பெயரே குடும்பப் பெயராக நின்றது. அதனால் 1999இல் அமெரிக்கா விண்ணில் ஏற்றிய ஆய்வகத்துக்கு அவருடைய சொந்தப் பெயரே 'சந்திரா' என்று அமைந்தது. சர் சி.வி. ராமனின் இட்ட பெயர் வெங்கடராமன். அது இரண்டாக உடைந்து, உலகம் அறிந்தது பின்பாதியை மட்டும். 'ராமன் விளைவு' என்பது பாதிப் பெயரில் நிற்கும் விளைவு.

சாதிப் பட்டத்தைக் குடும்பப் பெயராக்கிக்கொள்ளும் பழக்கம் வெளியூர்த் தமிழரிடையே திரும்ப எட்டிப் பார்க்கிறது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் விட்டொழிக்கத் தீர்மானித்ததை ஒரு படிவத்தின் கட்டத்துக்காக மீண்டும் ஒட்டிக்கொள்ள வேண்டுமா? எனக்கு உடன்பாடில்லை.

இனி நடுப்பெயர். இது நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்றிருந்த காலத்தில் குழந்தையை எப்படிக் கூப்பிடுவது? அதனால்தான் வீட்டில் கூப்பிட ஒரு பெயர், ஏட்டில் ஒரு பெயர் என்று இரண்டு வைத்தார்கள். என் மகளுக்குப் பையன் பிறந்தபோது சம்பந்தி தம் காலஞ்சென்ற தகப்பனார் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று நின்றார். மாப்பிள்ளை மஸ்கட்டில் வேலையில் இருந்தார். அங்கே சொல்ல வாய்க்கு வராத நீளமான பெயர் அது. மகள் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் அழுதுகொண்டிருந்தாள். கூப்பிடுவதற்கு மூன்றெழுத்துப் பெயர் முதலில், தாத்தா பெயர் நடுவில், மாப்பிள்ளை பெயர் கடைசியில் என்று எழுதிக் காட்டினேன். சம்பந்தி அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "அப்பா பெயர் பாஸ்போர்ட்டிலும் வருமா?" என்று மட்டும் கேட்டார். வரும் என்றேன். சரி என்று சொல்லிவிட்டார்.

ஆனால் நீளத்தைக் கவனியுங்கள். ரயில்வே முன்பதிவுப் படிவத்தில் பெயருக்கு 15 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். பாலசுப்ரமணியம் ஆங்கிலத்தில் சரியாக 15, இனிஷியலுக்கு இடமில்லை. வெங்கடசுப்ரமணியன் 18. வால் வெட்டுப்பட்டுத்தான் பிரயாணம் செய்ய வேண்டும்.

அடுத்தது எழுத்து. தெலுங்கில் இன்று ழகரம் இல்லை. எழிலன், தமிழரசன், புகழேந்தி எல்லாம் ளகரத்தில்தான் எழுதப்படும். ஆங்கிலத்தில் ழகரத்துக்கு நாம் போடும் இரண்டு எழுத்துக்களைப் பார்த்து வடக்கத்தியர் 'எஜிலன்' என்பார்கள். வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை, அழகான பெயர்கள். பையன் வாழ்நாள் முழுவதும் திருத்திக்கொண்டே இருப்பான் என்பது தெரிந்து வையுங்கள். அக்கம்பக்கத்து மொழியில் அர்த்தம் என்ன என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வேலு என்றால் தெலுங்கில் விரல். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் விடுவார்களா? இந்த மண்ணோடு ஒட்டிய பெயரே வேண்டுமென்றால் செங்காளம்மன் இருக்கிறாள். செங்கையா, செங்கம்மா என்ற பெயர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு.

நட்சத்திர எழுத்தைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அசுவினிக்கு சு, சே, சோ, ல என்று பாதத்துக்கு ஓர் எழுத்து பஞ்சாங்கத்தில் இருக்கும். நம்பிக்கை உள்ளவர்கள் அதன்படி வைக்கட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. எண் கணிதக்காரர் சொன்னார் என்று பாதி வழியில் ஆங்கில எழுத்தை ஒன்று கூட்டுவதும் குறைப்பதும்தான் வினை. செய்வதானால் பதிவுக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? என்னோடு பாதைப் பிரிவில் இருந்த கீமேன் ஒருவர் பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். பல வருஷங்களுக்கு முன் குடும்ப விவரத்தில் மகன் பெயரை வீட்டில் கூப்பிடுகிறபடி சின்னத்தம்பி என்று எழுதிக் கொடுத்திருந்தார். பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர். கருணை அடிப்படையில் வேலை கேட்டு வந்த பையன், இரண்டு பெயரும் தானே என்று நிரூபிக்க, அபிடவிட்டும் தாசில்தார் சான்றிதழுமாக ஒன்றரை வருஷம் அலைந்தான். தாய் அதுவரை கூலி வேலைக்குப் போனாள். யார் மேலும் குற்றம் சொல்வதற்கில்லை. காகிதம் அப்படி இருந்தது.

1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயரை அதற்குள் முடிவு செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெயர் இல்லாமலே பதிந்துவிட்டு, பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. ஆகவே சம்பந்திகள் சண்டை தீருவதற்கு ஒரு வருஷம் அவகாசம் உண்டு. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஏனென்றால் 2023 அக்டோபர் 1 முதல் சட்டம் இறுகிவிட்டது. அந்தத் தேதியிலும் அதற்குப் பின்னும் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்குச் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். 2025இல் பாஸ்போர்ட் விதியும் அப்படியே ஆகிவிட்டது.

பதிவு செய்யப் போகும்போது தாய், தகப்பன் பெயர்களைத் தங்கள் ஆதாரில் உள்ள எழுத்துப்படியே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மாவட்டம் 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி; மூத்த பிள்ளையின் சான்றிதழில் நெல்லூர் என்று இருப்பதைப் பார்த்து அப்படியே எழுதிவிட வேண்டாம். தெலுங்கில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதவர்கள், தெரிந்த ஒருவரை அழைத்துப் போய் உரக்கப் படித்துக் காட்டச் சொன்ன பிறகு கையெழுத்துப் போடுங்கள்.