முதல் சந்திப்பு: யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும்

இன்ஸ்டாகிராமில் ஆறு மாதமாகப் பேசிப் பழகிய ஒருவரை முதல்முறையாக நேரில் பார்க்கப் போவது குற்றம் இல்லை, ஒழுக்கக்கேடும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. இந்த விஷயத்தில் நம் ஊரில் சொல்லப்படும் எச்சரிக்கைகளில் பாதி, "நீ ஏன் போனே?" என்ற கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. அந்தக் கேள்விக்குப் பயந்தே பிள்ளைகள் யாரிடமும் சொல்லாமல் போகிறார்கள். அப்படிப் போனவர்களைத்தான் மிரட்டுவது எளிது.

பழக்கம் எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் டெலிகிராம் குழு, இரவில் சேர்ந்து விளையாடும் மொபைல் கேம், மேட்ரிமோனி தளம், டேட்டிங் செயலி என்று எதுவாகவும் இருக்கலாம். அங்கே உருவான நல்ல நட்புகளும் திருமணங்களும் நிறைய. 18 வயது நிரம்பிய இருவர் சந்தித்துப் பேச யாருடைய அனுமதியும் தேவையில்லை. திருமணமாகாத ஆணும் பெண்ணும் விடுதியில் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில், கோவையில் சீல் வைக்கப்பட்ட ஒரு தங்கும் விடுதி தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அப்படியிருக்க, பூங்கா பெஞ்சிலோ கடற்கரையிலோ உட்கார்ந்து பேசுவதில் என்ன குற்றம்? நாலு பேர் சுற்றி நின்று போனில் படம் பிடித்து, "வீட்டு நம்பரைக் கொடு, இல்லேன்னா பணம் கொடு" என்று மிரட்டினால் குற்றவாளிகள் அவர்கள்தான். 112-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

பொள்ளாச்சி வழக்கை நினைத்துப் பாருங்கள். சமூக ஊடகம் வழியாகப் பெண்களிடம் பழகி, நம்பிக்கை வந்ததும் நேரில் வரச்சொல்லி, ஒதுக்குப்புறமான இடத்துக்குக் கொண்டுபோய் வன்கொடுமை செய்தது ஒரு கும்பல். அதை வீடியோ எடுத்து, அதைக் காட்டியே அவர்களை மறுபடியும் மறுபடியும் மிரட்டியது. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி வீட்டில் சொல்லி, புகாரும் கொடுத்த பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. அதற்கு முன்பே பாதிக்கப்பட்டிருந்தவர்கள் ஏன் சொல்லவில்லை? வீட்டுக்குத் தெரிந்துவிடும், படிப்பு நின்றுவிடும், அவசரமாகக் கல்யாணம் பேசிவிடுவார்கள் என்ற பயம்தான். அந்தக் கும்பல் நம்பியிருந்தது வீடியோவை மட்டுமில்லை, இந்தப் பயத்தையும்தான்.

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அத்தனை வருட இழுத்தடிப்புக்குப் பிறகும் சாட்சிகள் யாரும் பிறழ்சாட்சியாக மாறவில்லை. அந்தப் பெண்களின் மன உறுதிக்கு நாம் அனைவரும் கடன்பட்டிருக்கிறோம். அதே வழக்கின் தொடக்கத்தில் புகார் கொடுத்த மாணவியின் பெயரைக் காவல் துறையே வெளியிட்டதையும், அவருக்கு 25 லட்சம் ரூபாய் வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவில் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. புகார் கொடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயப்படுபவர்கள் இந்தப் பிரிவைத் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, போவதென்று முடிவாகிவிட்டது. போவதற்கு முன் ஒருமுறையாவது வீடியோ காலில் பேசிவிடுங்கள். "கேமரா உடைஞ்சிருச்சு", "ஹாஸ்டல்ல பேச முடியாது" என்று வாரக்கணக்கில் தட்டிக்கழிப்பவரைப் பார்க்கப் பேருந்து ஏற வேண்டாம். அவருடைய படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால், வேறு யாருடைய படமோ என்பது சில நேரம் உடனே தெரிந்துவிடும். ஆனால் இந்தச் சோதனைகளெல்லாம் பொய் முகத்தைத்தான் காட்டிக்கொடுக்கும். உண்மைப் பெயரும் உண்மை முகமும் உள்ள கெட்டவனை எந்தச் செயலியும் காட்டிக்கொடுக்காது. நேரில் பார்ப்பதற்கு முன்பே பணப் பேச்சு வந்தால், அது எந்த வடிவில் வந்தாலும், அந்தப் பழக்கம் அதோடு முடியட்டும். பரிசுப் பார்சலை ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ் பிடித்துவைத்திருக்கிறது என்பார்கள், அம்மாவுக்கு ஆபரேஷன் என்பார்கள், நல்ல லாபம் தரும் முதலீடு என்பார்கள். பணம் போய்விட்டதென்றால் அந்த நிமிடமே 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிப் போய்க்கொண்டே இருக்கும்.

இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள். பகல் நேரம், ஆள் நடமாட்டம், திரும்பிப் போக பஸ்ஸோ மெட்ரோவோ பக்கத்திலேயே இருக்க வேண்டும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், ஒரு மாலின் உணவுக்கூடம், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நாலு குடும்பம் உட்கார்ந்து சாப்பிடும் சைவ ஹோட்டல், இப்படி ஏதாவது ஒன்று. கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டும், நண்பரின் பண்ணை வீடும், லாட்ஜ் அறையும் முதல் சந்திப்புக்கு வேண்டாம். அங்கே போவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கூப்பிட்ட குரலுக்கு வர அங்கே ஆள் இருக்காது. போக்குவரத்தும் உங்களுடையதாக இருக்கட்டும். வீட்டு வாசலுக்கு வந்து ஏற்றிப்போக விட்டால் முதல் நாளிலேயே முகவரி கைமாறிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதும் ஓர் அறிகுறி உண்டு. எல்லாம் பேசி முடிவாகியிருக்கும். நீங்கள் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அப்போது மெசேஜ் வரும்: "ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டேன். நீ அந்தப் பெட்ரோல் பங்க்கிட்ட வந்துடு, கார்லயே ஏறிக்கோ." படிக்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கும். பாவம், அலையவிடுகிறோமே என்றுகூடத் தோன்றும். ஆனால் அந்த ஒரு வரியில் இடமும் வண்டியும் உங்கள் கையை விட்டுப் போய்விடுகின்றன. "பரவாயில்ல, மெதுவா வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்று பதில் போடுங்கள். நல்ல மனிதர் அரை மணி நேரம் கழித்து வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்வார். கோபப்பட்டு, "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பவரைப் பார்க்காமலேயே வீட்டுக்குக் கிளம்பலாம்.

குடிக்கும் பொருள் உங்கள் கண்முன்னே வரட்டும். எழுந்து போய்விட்டுத் திரும்பினால் அந்தக் கிளாஸைத் தொட வேண்டாம், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுப்பது மட்டுமே பாரதிய நியாய சன்ஹிதாவின் 123-வது பிரிவில் பத்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். தலை சுற்றுவதுபோல இருந்தால் ஹோட்டல் ஊழியரிடமோ பக்கத்து மேசைப் பெண்ணிடமோ சத்தமாகச் சொல்லுங்கள். "காத்தாட வெளியே போகலாம்" என்ற அழைப்புக்கு எழுந்துவிடாதீர்கள்.

ஆண்கள் மாட்டும் ஒரு வலை வேறு மாதிரி. 2024 ஜூனில் டெல்லியில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், டேட்டிங் செயலியில் அறிமுகமான பெண்ணோடு அவர் காட்டிய கஃபேக்குப் போனார். கொஞ்சம் தின்பண்டம், பானம். வீட்டில் அவசரம் என்று பெண் எழுந்து போய்விட்டார். பில் 1,21,917 ரூபாய். கேள்வி கேட்டவரை மிரட்டிப் பணம் கறந்தார்கள். புகார் கொடுத்த பிறகு அந்தப் பெண்ணும் கஃபே தரப்பும் கூட்டு என்று தெரிந்து கைது நடந்தது. இப்படி மாட்டினால் மெனுவையும் பில்லையும் படம் எடுத்துக்கொண்டு, மேசையிலிருந்தே 112-ஐ அழையுங்கள். மிரட்டிப் பணம் பறிப்பதற்கு 308-வது பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. கொடுத்த பிறகும் புகார் செய்யலாம்.

இவ்வளவு முன்னேற்பாட்டிலும் முதன்மையானது, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது. அம்மாவிடம் சொல்ல முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. முடியாதென்றால் சித்தி மகளிடம், அறைத் தோழியிடம், அலுவலக அக்காவிடம்.

"அக்கா, சனிக்கிழமை மத்தியானம் ஒருத்தரைப் பாக்கப் போறேன். நெட்ல பழக்கம்."

"யாருடி? போட்டோவும் நம்பரும் அனுப்பி வை. எங்க, எத்தனை மணிக்கு?"

"வடபழனில, ரெண்டு மணிக்கு."

"லைவ் லொகேஷன் போட்டுட்டுப் போ. மூணு மணிக்குக் கூப்பிடுவேன். 'ரெக்கார்டு நோட் எடுத்து வெச்சியா'ன்னு நீ கேட்டா, அடுத்த நிமிஷம் கிளம்பி வர்றேன்."

அவ்வளவுதான் பேச்சு. வாட்ஸ்அப் லைவ் லொகேஷனை 15 நிமிடம், ஒரு மணி நேரம், 8 மணி நேரம் என்று பகிரலாம். வெளியே போனால் 8 மணி நேரத்தையே தேர்ந்தெடுங்கள். அந்த அக்காவின் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அறிவுரை சொல்லும் ஆசையை அன்றைக்கு அடக்கிக்கொள்ளுங்கள். திட்டு வாங்கியவள் அடுத்தமுறை உங்களிடமும் சொல்ல மாட்டாள்.

இனி, ஏதாவது நடந்துவிட்டால் என்ன செய்வது? அந்தரங்கப் படத்தையோ வீடியோவையோ வைத்து மிரட்டுவதுதான் அதிகம் வாயடைக்கவைக்கும் குற்றம். இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. "நானே சம்மதிச்சுத்தானே எடுத்தான், இப்ப எப்படிப் புகார் கொடுப்பேன்?" என்று பெண்கள் தயங்குகிறார்கள். படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், அதை மூன்றாவது ஆளுக்குக் காட்டவோ அனுப்பவோ சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றமே என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. முதல்முறைக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. அந்தப் பிரிவு பெண்களுக்கானது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவோ ஆண், பெண், திருநர் யாருடைய அந்தரங்கப் படத்துக்கும் பொருந்தும்.

பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தவரிடம்தான் மறுபடியும் கேட்பார்கள். "கடைசியா ஒரு தடவை வா, உன் கண்முன்னாடியே டெலீட் பண்றேன்" என்று அழைத்தால் போகவே கூடாது. பயத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. எண், பயனர் பெயர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையானவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டு, அதன் பிறகு பிளாக் செய்யுங்கள். சைபர்கிரைம்.கவ்.இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. பெயர் சொல்லாமலும் அங்கே தகவல் தரலாம். படம் பரவிவிட்டால், அது பரவிய சமூக ஊடகத் தளத்திலேயே நேரடியாக முறையிடுங்கள். 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், அந்தரங்கப் படங்கள் பற்றிப் பாதிக்கப்பட்டவரே புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்குக் கெடு வைத்தன. ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவசச் சேவையும் உண்டு. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அதற்கு ஓர் எண் அடையாளம் உருவாகும். அந்த அடையாளம் மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போய், அதே படம் மறுபடி ஏறாமல் தடுக்கப் பயன்படும்.

உடலுக்குத் தீங்கு நடந்திருந்தால் முதலில் மருத்துவமனை. எஃப்ஐஆர் இல்லை என்று சொல்லி எந்த மருத்துவமனையும் திருப்பி அனுப்பக் கூடாது. அரசு, தனியார் எதுவானாலும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு இலவசச் சிகிச்சை அளிப்பது சட்டக் கடமை. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துப் போங்கள். இரு விரல் சோதனை செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் கண்டித்துச் சொல்லிவிட்டது. யாராவது அதற்கு முனைந்தால் மறுத்துவிடுங்கள்.

சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். சேலத்துப் பெண் ஏற்காட்டில் நடந்ததற்குச் சென்னை மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், அங்கே ஜீரோ எஃப்ஐஆர் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். நகல் இலவசம். பாலியல் வன்கொடுமை போன்ற புகார்களைப் பதிய மறுக்கும் காவல் அதிகாரிக்கே பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-வது பிரிவில் தண்டனை இருக்கிறது. வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லையே என்ற கவலை வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100. பேசவும் ஒதுங்கவும் ஓர் இடம் வேண்டுமென்றால் 181.

செயலி வழியாக ஆண்களைச் சந்திக்கப் போகும் ஆண்களைப் பற்றியும் பேச வேண்டும், அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒதுக்குப்புறத்துக்கு வரவழைத்து, நாலைந்து பேர் சூழ்ந்து அடித்து, ஜிபேயில் பணத்தை மாற்றச் சொல்லி, "போலீஸுக்குப் போனா உன்னைத்தான் பிடிப்பாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். பிடிக்க முடியாது. மனமொத்த தன்பாலின உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றே தீர்ப்பளித்துவிட்டது. வழிப்பறியும் மிரட்டலும் யாருக்கு நடந்தாலும் வழிப்பறியும் மிரட்டலும்தான். ஜிபே பரிவர்த்தனையில் அவர்களுடைய கணக்கு விவரம் பதிந்திருக்கும், அதுவே வலுவான தடயம்.

18 வயது நிரம்பாதவர்களுக்குச் சட்டம் முற்றிலும் வேறு. பதினாறு வயதுப் பெண் விருப்பத்தோடு வந்தாள் என்பது போக்சோ சட்டத்தின் முன் எடுபடாது. இருபது வயது இளைஞர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எதிரே வந்திருப்பவர் பள்ளி மாணவி என்று தெரிந்தால் பேச்சை அதோடு முடித்துக்கொள்வதே இருவருக்கும் நல்லது. குழந்தைக்குத் தீங்கு நடந்திருந்தால் 1098-ல் சொல்லலாம். வாக்குமூலம் வாங்க வரும் அதிகாரி சீருடையில் வரக் கூடாது. குழந்தையின் வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ வந்து கேட்க வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கவும் கூடாது. விஷயம் தெரிந்ததும் ஆத்திரத்தில் பிள்ளையின் போனைப் பிடுங்கித் தரையில் அடிக்கும் அப்பாக்கள் உண்டு. வழக்குக்குத் தேவையான ஆதாரம் முழுவதும் அந்தப் போனில்தான் இருக்கும். எதையும் அழிக்காமல், போனோடு சார்ஜரையும் எடுத்துக்கொண்டு, பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுத்துவிட்டுக் கூடவே அழைத்துப் போங்கள்.