முலாம் – 7: வெள்ளி பிடித்தால்தான் செம்பு பிடிக்கும்

உலோகத்தின் மேல் உலோகம் ஏற்றுவதைப் போன வாரம் பார்த்தோம். கண்ணாடியில் அது நடக்காது. மின்சாரம் பாயாத பொருளைச் செம்புத் தொட்டியில் நாள் முழுக்கத் தொங்கவிட்டாலும் பொட்டுச் செம்புகூட ஒட்டாது. முதலில் அதற்கு மின்சாரம் ஓடும் ஒரு தோல் வேண்டும். அந்தத் தோல்தான் வெள்ளி.

'ரசம் போன கண்ணாடி' என்று இன்றும் சொல்கிறோம். அந்த ரசம் பாதரசம். வெள்ளி வருவதற்கு முன், முகம் பார்க்கும் கண்ணாடி செய்ய வெள்ளீயத் தகட்டின் மேல் பாதரசத்தை ஊற்றி, கண்ணாடியை அதன்மேல் வைத்துப் பாரம் ஏற்றி வாரக்கணக்கில் விடுவார்கள். ஐரோப்பாவில் அந்தப் பட்டறைகளில் உழைத்தவர்களுக்குக் கை நடுங்கியது, ஈறு புண்ணாகிப் பல் விழுந்தது. 1835இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக், ஆல்டிஹைடு பட்டதும் வெள்ளிக் கரைசல் கண்ணாடிச் சுவரில் ஆடியாகப் படிவதைக் கண்டார். பட்டறைகளை விட்டுப் பாதரசம் போக அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் ஆயின. அத்தனை பேர் உடம்பு கெட்ட பிறகா என்று நினைக்கும்போது மனசு ஆறுவதில்லை.

ப்ளஸ் டூவில் டாலன்ஸ் சோதனை செய்தவர்களுக்கு, லீபிக் கண்ட இந்த வெள்ளிப் படிவு தெரிந்த வேலைதான். சில்வர் நைட்ரேட் கரைசலில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பழுப்பாகக் கலங்கும். இன்னும் சில சொட்டு விட, கலங்கல் தெளியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். குளுக்கோஸ் சேர்த்து இளஞ்சூட்டில் வைத்தால் கரைசல் கறுக்கும், பிறகு சோதனைக் குழாயின் சுவரில் நம் முகம் தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. ஆனால் விரல் பட்ட எண்ணெய்ப்பசை இருந்தால் அந்த இடத்தில் வெள்ளி பிடிக்காது. மிச்சக் கரைசலை மூடி வைக்கவே கூடாது. நாள்பட்டால் வெடிக்கும் பொருள் உருவாகும். அன்றே அமிலம் விட்டு முறித்துவிட வேண்டும்.

இப்படிப் படியும் வெள்ளி, ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம்தான். வெள்ளி படிந்த பொருளை எதிர்முனையில் கட்டி, அமிலம் கலந்த மயில்துத்தக் கரைசலில் இறக்குகிறோம். நேர்முனையில் செம்புத் தகடு. எடுத்த எடுப்பில் மின்சாரத்தைக் கூட்டினால் கம்பி தொடும் இடத்தில் வெள்ளி கருகி, தொடர்பு அறுந்துவிடும். கம்பியை நாலைந்து இடத்தில் தொடுமாறு சுற்றி, கொஞ்சமாகத் தொடங்க வேண்டும். மேற்பரப்பு முழுக்கச் செம்மை பரவிய பிறகு, சதுர டெசிமீட்டருக்கு 2 ஆம்பியர் வரை ஏற்றலாம். அப்போது மணிக்கு ஏறக்குறைய 25 மைக்ரான் செம்பு ஏறும்.

வழவழப்பான கண்ணாடியை வெள்ளி இறுகப் பற்றாது. அதனால் முதலிலேயே கார்போரண்டம் தூள் வைத்துத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிக்கொள்வது நல்லது. முடிந்தவரை செம்பு பொருளைச் சுற்றி வளைத்து மூடட்டும். பாதியில் நின்ற ஓரம்தான் முதலில் உரியும்.