வேங்கடம் முதல் சித்தூர் வரை

தமிழகத்தின் வடவெல்லை யாது என்று வினவினால், காஞ்சியிலுள்ள பள்ளிப் பிள்ளையும் தயங்காது வேங்கடம் என்று கூறும். அம்மலைநாடு எத்தனை பெயர் பூண்டது, எத்தனை அரசுகளுக்குக் கைமாறியது என்பதை அறிந்தோர் சிலரே.

சங்கப் புலவர்க்கு அது புல்லி என்னும் தலைவனுடைய வேங்கடம். அதற்கப்பாலுள்ள நாட்டை மொழிபெயர் தேயம் என்றனர். வாளை விடுத்து வாய்மொழியால் எல்லை வகுத்த இப்பெயரினும் நேர்மையானதொன்றைப் பின்வந்த எந்தச் சர்க்காரும் கண்டதில்லை. பல்லவர் காலத்தில் அது நம் காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டை மண்டலத்தில் அடங்கியது. ராஜராஜன் காலத்தில் அம்மண்டலம் ஜயங்கொண்ட சோழ மண்டலமாயிற்று. விஜயநகரத்தார்க்குச் சந்திரகிரி ராஜ்யம். ராஜ்யம் மாறினும் திருமலைக் கோயிற் சாசனங்களிற் பெரும்பாலானவை தமிழிலேயே வெட்டப்பட்டன. 1801-இல் கர்நாடக நவாபிடமிருந்து கம்பெனியார் கைக்கு வந்தபின் வட ஆர்க்காடு ஜில்லா என்றாயிற்று.

கேட்டுக்கு வித்து விழுந்தது 1911-இல். அவ்வாண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி வட ஆர்க்காட்டின் வடபாகத்தையும் கடப்பையின் சில தாலுகாக்களையும் சேர்த்துச் சித்தூர் ஜில்லா அமைத்தனர். நிர்வாகத்துக்காக ஏற்பட்ட கோடு அது. பாஷைப் பிரிவினைக்காக ஏற்பட்டதன்று. ஆயினும் 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர ராஜ்யம் உதயமானபோது, சித்தூர் ஜில்லா என்ற ஒரு சொல்லோடு திருத்தணி முருகனும் சேர்ந்தே போய்விட்டான். கலெக்டர் கச்சேரிப் பெயரே தீர்ப்பாகிவிட்டது!

ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடவெல்லைக் கிளர்ச்சிக்குப் பின் படாஸ்கர் மத்தியஸ்தம் வந்தது. ஜில்லாவை விட்டுக் கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மையோர் பாஷையையும் நிலத்தொடர்ச்சியையும் நோக்கிய அம்முறையைச் சட்டம் பயின்றோர் எவரும் மதிப்பர். 1959-ஆம் வருஷச் சட்டப்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணித் தாலுகாவின் பெரும்பகுதி சென்னை ராஜ்யத்துக்கு மீண்டது. சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திரம் சேர்ந்தன. திருப்பதி மீளவில்லை.

அவ்வழக்கை மறுபடி கிளறுவோருடன் நமக்கு உடன்பாடில்லை. நம் ஊர்த் தறிகளிலேயே தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்டோர் பலர் பட்டு நெய்கின்றனர். அவர்களை அந்நியர் என்று சொல்ல யாருக்கு நா எழும்? ஆனால் எங்கே கோடு கிழித்தாலும் இருபுறமும் சிறுபான்மையோர் எஞ்சுவர். அவர்களுக்காகவே 1956-இல் அரசியல் சாசனத்தில் 350-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஆரம்பப் பள்ளியில் தாய்மொழி வழியே கற்பிக்க வசதி செய்ய ஒவ்வொரு ராஜ்யமும் முயலவேண்டும் என்கிறது அது.

2022-இல் சித்தூரையும் பிரித்துத் திருப்பதி ஜில்லா கண்டனர். இன்னும் எத்தனை பெயர் மாறினும் மாறட்டும். சித்தூர்க் கிராமத்துத் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் வாத்தியாரும், திருத்தணிக் கிராமத்துத் தெலுங்குப் பிள்ளைக்குத் தெலுங்கு வாத்தியாரும் உண்டா என்று இரு சட்டசபைகளிலும் பிரதிநிதிகள் எழுந்து கேட்கவேண்டும். கிராமவாரியாகப் பதிலும் பெறவேண்டும்.